சாணி வண்டுகளுக்கு ஒரு மூட்டை ஐஸ்

"இந்தியாவுக்கு எதற்குப் போகிறாய்? கோயிலுக்கா, கல்யாணத்துக்கா?" என்று பினாங்கில் உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். சாணி பார்க்க என்றேன். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குச் சோறு போடுவதே அந்தச் சாணிதான். ஒரு கல்லூரியின் பூச்சிக் காட்சிக்கூடத்தில் வேலை. சாணம் தின்று வாழும் வண்டுகளைப் பிரித்துப் பெயர் சொல்வது என் பிழைப்பு. பினாங்கில் மலைக்காடு நகரத்தை ஒட்டியே இருக்கிறது. காலையில் பஸ் ஏறிப்போய் குரங்குச் சாணத்துக்கு வந்த வண்டுகளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நகரத்தின் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு காட்டுத் துண்டில் இன்னும் உயிர் ஓடுகிறதா என்று தெரியவேண்டுமானால், புலியைத் தேடி அலைய வேண்டாம். விதவிதமான மிருகங்கள் இருந்தால் விதவிதமான சாணம் இருக்கும். அதற்கேற்ற வண்டுகளும் இருக்கும்.

இதே பைத்தியம் பிடித்த இன்னொருத்தி ஆரணியில் இருந்தாள். பெயர் எஸ்தர். சென்னையில் நடந்த ஒரு பயிற்சியில் இருவரும் ஒரே அறையில் தங்கினோம். பள்ளிக்கூட வாத்தியாரம்மா. விடுமுறை நாட்களில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். ஆரணியிலிருந்து சந்தவாசல் போகும் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் மிச்சமிருந்த சின்னக் காடு அவளுடைய களம். அதில் எத்தனை வகைச் சாணி வண்டு வாழ்கிறது என்று அவள் எழுத வேண்டும். பிடிக்க அவளுக்குத் தெரியும். பெயர் வைத்துப் பிரிக்க ஆள் இல்லை. பல்கலைக்கழகம் கொடுத்த தவணை அந்த வருஷத்தோடு முடிகிறது. எனக்கு ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்த சமயம், ஆரணியில் போய் இறங்கினேன்.

பஸ் நிலையத்திலிருந்து எஸ்தரின் வீட்டுக்கு நடந்துபோகும்போது தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் தறிச் சத்தம் வந்தது. அவளுடைய அப்பாவும் பட்டு நெசவுதான். தறியை விட்டு எழாமலேயே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எஸ்தரின் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். "நல்லா சாப்புட்டுக்கம்மா. நாளைலேந்து நீங்க போற வீட்ல வெங்காயத்தக்கூட கண்ணால பாக்க முடியாது" என்றார். அது பயமுறுத்தலா, அனுதாபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் பஸ்ஸில்தான் எஸ்தர் விஷயத்தைச் சொன்னாள். காடு அரசாங்கத்துடையது அல்ல. தரணேந்திர நயினார் என்பவரின் குடும்பச் சொத்து. பல தலைமுறையாக அங்கேயே விவசாயம் செய்யும் தமிழ்ச் சமணர்கள். சுற்றிலும் நெல்லும் வேர்க்கடலையும் கரும்பும் வந்துவிட்ட பிறகும் அந்த ஒரு துண்டில் அவர்கள் கோடரி வைக்கவில்லை, கண்ணி வைக்க யாரையும் விடவும் இல்லை. வண்டு பார்க்கலாம் என்று எஸ்தருக்கு அனுமதி கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை, ஒரு வண்டுகூடச் சாகக்கூடாது.

என் பைக்குள் வண்டுகளைக் கொல்வதற்கான மருந்துப் புட்டி இருந்தது. நாங்கள் வேலை செய்யும் விதமே அதுதான். வண்டைக் கொன்று, ஊசியில் குத்தி, லென்ஸுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் பெயர் சொல்வோம். உயிரோடிருக்கும் சாணி வண்டு இரண்டு நொடி சும்மா இருக்காது.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்கக்கா" என்றாள். உண்மைதான்.

நயினார் நெடுநெடுவென்று உயரமாக, வெள்ளை வேட்டியும் மேல்துண்டுமாக வாசலில் நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். அவர் மனைவி பத்மாவதி அம்மாள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசினார். சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைப்பதில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி தெரியாமல் இலையில் விழுந்துவிடுமாம். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் கொடுத்தார்கள். வாழைக்காய்ப் பொரியல், மாங்காய் பச்சடி, பருப்பு, மோர். வெங்காயம், பூண்டு, மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு எதுவும் கிடையாது. பினாங்கில் வெங்காயமும் இறாலும் வதங்காமல் ஒரு வேளைகூடப் போகாது. முதல் நாள் எதையோ தேடிக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டாம் நாள் தேடவில்லை. மூன்றாம் நாள் அந்த மாங்காய் பச்சடிக்காகக் காத்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பும்போது தங்கைக்கு ஆரணிப் பட்டு வாங்கவேண்டும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். பத்மாவதி அம்மாள் சிரித்தார். "நாங்க கட்டறது இல்லம்மா. ஒரு பொடவைக்கு எத்தினி புழுவ வெந்நீர்ல போடறாங்க." அங்கே ஒரு நிமிடம் சங்கடமாகிவிட்டது. எஸ்தர் இலையைப் பார்த்தபடியே, "எங்கப்பா பட்டு நெசவுதாங்க. அதுலதான் என்னப் படிக்க வெச்சாரு" என்றாள்.

"தெரியும்மா. அதுக்காவ உன்ன எழுந்துபோன்னா சொல்றேன்? இன்னும் கொஞ்சம் மோர் ஊத்திக்க" என்றார் அந்த அம்மாள். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. அவருக்கு அது நியாயம், இவளுக்கு இது வாழ்க்கை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் சாணிக்கு அலைந்தோம். மாடு இல்லாத வீடே இல்லாத ஊரில் சாணி கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? தரையில் விழுவதற்கு முன்பே கூடையோடு ஒருத்தர் நிற்கிறார். வரட்டிக்கு, எருவுக்கு, வாசல் தெளிக்க என்று ஒரு கைப்பிடி வீணாவதில்லை. பினாங்கில் சாணியை யாரும் சீண்டமாட்டார்கள். இங்கே கேட்டதற்கு ஓர் அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "பூச்சிக்குப் போடறதுக்கா? என் அடுப்புக்கு நானே தேடிகினு இருக்கறேன்" என்றார். கடைசியில் நயினார் வீட்டுத் தொழுவத்திலிருந்தே எடுத்துக்கொண்டோம். ஊருக்குள் வண்டுகள் ஏன் குறைவு என்பதும் எனக்குப் புரிந்தது. மனிதர்கள் அவற்றுக்கு மிச்சம் வைப்பதில்லை.

காட்டுக்குள் கதையே வேறு. உசிலையும் வெப்பாலையும் களாச்செடியும் அடர்ந்து, வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே வடிகட்டிய வெளிச்சமாக விழுந்தது. முயல், குரங்கு, நரி, முள்ளம்பன்றி எல்லாம் தங்கள் கணக்கை அங்கங்கே வைத்துவிட்டுப் போயிருந்தன. அகன்ற வாய்ச் சட்டிகளை விளிம்புவரை மண்ணில் புதைத்து, மேலே துணியில் கட்டிய சாணியைக் குச்சியில் தொங்கவிட்டோம். வாசனைக்கு வரும் வண்டு சட்டிக்குள் விழும். வழுவழுப்பில் ஏற முடியாது. வழக்கமாக அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றுவோம், மூழ்கிச் சாகும். இங்கே காய்ந்த சட்டி. மழைக்குப் பாதுகாப்பாக மேலே பனையோலை சாத்தினோம்.

முதல் தடவை போய்ப் பார்த்தபோது எனக்கு வயது குறைந்துவிட்டது. சாணியை உருண்டை பிடித்துப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகிறவை, இருந்த இடத்திலேயே குழி தோண்டிப் புதைக்கிறவை, சாணிக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவை என மூன்று விதமும் இருந்தன. கறுப்பு, செம்பு நிறம், தலையில் கொம்பு வைத்தது. அத்தனைக்கும் நடுவில் கடுகு அளவில் பச்சையாகப் பளபளக்கும் ஒன்று. அதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எந்தக் காட்சிக்கூடத்துப் பெட்டியிலும் இல்லை.

"எஸ்தர், இது யாரும் பேர் வைக்காததா இருக்கலாம்" என்றேன்.

அவள் சட்டியைக் கட்டிக்கொள்வது போல் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். புதிய வகை ஒன்று கிடைத்தால் அவளுடைய ஆராய்ச்சியை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் புதியது என்று உலகத்துக்கு நிரூபிக்க, அந்த வண்டின் உடல் ஒன்று ஊசி முனையில் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் இது தெரியும். அன்றைக்கு எல்லா வண்டுகளையும் வெளியே விட்டுவிட்டு, சட்டிகளை மறுபடி வைத்துவிட்டு வந்தோம்.

அன்றிரவு மழை. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் காற்றில் ஓலைகள் பறந்து வேலியில் சிக்கியிருந்தன. சட்டிகளில் விளிம்புவரை தண்ணீர். வண்டுகள் மிதந்தன.

நயினார் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். ஓர் இலையால் ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். சில கால் அசைத்து எழுந்தன. பல எழவில்லை. எழாதவற்றில் பச்சை வண்டும் இருந்தது. எஸ்தர் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"ஐயா" என்றாள் எஸ்தர். "நாங்க கொல்லலீங்க. மழ பேஞ்சிடுச்சு. செத்தத மட்டும் எடுத்துக்கட்டுங்களா?"

நயினார் நிமிரவில்லை. "செத்தது உங்களுக்கு ஒதவும்னா, நாளைக்கு மழ வரணும்னு வேண்டிகினு இருப்பீங்கம்மா. ஓலய கொஞ்சம் லூசாக் கட்டுவீங்க. வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விருந்தாளி என்பதையும் மறந்து, "உழும்போது வண்டு சாகறதில்லையா ஐயா?" என்று கேட்டேன்.

"சாவுதுங்க. அந்தப் பாவம் எனக்கு இருக்குது. அது இருக்குதுன்னு இதையும் சேத்துக்கணுமா?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, செத்தவற்றை ஒரு மரத்தடியில் குழி பறித்துப் போட்டு மூடினார்.

மதியம் எங்கள் இருவருக்கு மட்டும் இலை விழுந்தது. "அவருக்கு இன்னிக்கு உபவாசம்" என்றார் பத்மாவதி அம்மாள். எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அனுமதி கொடுத்தவர் அவர். அதனால் மூழ்கிய வண்டுகள் அவர் கணக்கில் போயிருந்தன. எங்களைத் திட்டியிருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தபோது எஸ்தர் சட்டென்று கேட்டாள். "அக்கா, குளிர்ல வெச்சா வண்டு அசையாதுல்ல?"

அசையாது. குளிர்ந்தால் விறைத்துப் படுத்துவிடும், சூடானால் எழுந்து நடக்கும். அசையாமல் கிடக்கும் நேரத்தில் புரட்டிப் பார்க்கலாம், கால், கொம்பு, வாய் எல்லாம் வரைந்துகொள்ளலாம். எல்லா வகைக்கும் இது போதாது. ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் போதும். நயினாரிடம் போய்ச் சொன்னோம். "எழுந்திருச்சிடுமா?" என்று ஒரே கேள்வி கேட்டார். எழுந்திருக்கும் என்றேன். நாங்கள் முயன்று பார்க்கலாம் என்றும், அப்போது தானும் கூட இருப்பதாகவும் சொன்னார்.

ஐஸ் ஆரணியில்தான் கிடைக்கும். பட்டுக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஐஸ் பேக்டரியில் ஒரு பெரிய கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி, பஸ்ஸின் கடைசி இருக்கைக்கு அடியில் வைத்தோம். அக்கினி நட்சத்திர வெயில். களம்பூர் வரை நன்றாகத்தான் வந்தது. அங்கே ரைஸ் மில்லுக்குத் திரும்பும் இடத்தில் இரண்டு நெல் லாரிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றிருந்தன. ஓட்டுநர்கள் இருவரும் பின்வாங்கத் தயாரில்லை. நடத்துநர் இறங்கிப்போய்ப் பேசிவிட்டு வந்து, "இதோ எடுத்துகினே இருக்கறாங்க" என்றார். எதையும் எடுக்கவில்லை.

சாக்கிலிருந்து தண்ணீர் வழிந்து முன்வரிசை வரை ஓடியது. "யாருங்க அது, மீனு கொண்டாந்தது?" என்று ஒருவர் காலைத் தூக்கினார். மீன் இல்லை, ஐஸ் என்றாள் எஸ்தர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஐஸ் எதுக்கு என்று கேட்டார்கள். வாத்தியாரம்மாவுக்குப் பொய் வராது. "சாணி வண்டுக்கு" என்றாள்.

"வண்டுக்கா! ஏம்மா, இங்க மனுசன் வெந்துகினு இருக்கறான்" என்றார் ஒரு பெரியவர். பஸ் முழுக்கச் சிரிப்பு. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டு கேட்டார். அவருக்குக் கொடுத்தால் பக்கத்தில் இருக்கிற கர்ப்பிணிப் பெண்ணுக்கு எப்படிக் கொடுக்காமல் இருப்பது? கல்லால் உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கட்டி பாதியானது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாங்கியவர்களில் ஒருவர் மில்லில் மூட்டை தூக்குகிறவர். இறங்கிப்போய் ஒரு கூடை உமி கொண்டுவந்தார். "இதுல பொதச்சி எடுத்துகினு போங்க. வண்டுக்குக் கொஞ்சமாவது மிஞ்சட்டும்" என்றார். லாரிகள் ஒருவழியாக விலகின. காட்டுக்கு வந்து சேர்ந்தபோது தேங்காய் அளவு ஐஸ் மிஞ்சியிருந்தது.

வேகமாக வேலை செய்தோம். அன்று சட்டிகளில் விழுந்திருந்த வண்டுகளை ஒவ்வொன்றாக எவர்சில்வர் டப்பாவில் விட்டு, ஐஸ்மேல் வைப்பது. விறைத்ததும் வெள்ளைத் துணியில் போட்டு நான் லென்ஸில் பார்த்துச் சொல்வேன், எஸ்தர் வரைவாள். பிறகு துணியின் வெயில் ஓரத்துக்குத் தள்ளிவிடுவோம். அங்கே நயினார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் வண்டு கால் நீட்டி எழுந்து நடந்தபோது அவர் முகம் தெளிந்தது. அடுத்ததும் எழுந்தது. அதற்கடுத்ததும். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எஸ்தரின் ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த ஒரு மத்தியானத்தில் உருவம் பெற்றது.

கடைசியில் பச்சை வண்டு. அன்றைக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். லென்ஸில் பார்த்தேன். சந்தேகமே இல்லை, எனக்குத் தெரிந்த எதனோடும் சேரவில்லை. எஸ்தர் முதுகு, வயிறு, கால் என்று மூன்று பக்கமும் வரைந்தாள். துணியின் ஓரத்துக்குத் தள்ளினோம்.

அது எழவில்லை.

கடுகளவு உடம்பு. மற்றவற்றைவிட அதிகம் குளிர்ந்திருக்க வேண்டும். வெயில் அதன்மேல் விழுந்தது. நயினார் குனிந்து பார்த்தார். உபவாசத்துக்கு மறுநாள் என்பதால் உதடு காய்ந்திருந்தது. காட்டுக்குள் ஒரு குயில் கத்தி ஓய்ந்தது. நான் நயினாரைப் பார்க்காமல் எஸ்தரைப் பார்த்தேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். மண்டியிட்டு, முகத்தைத் துணிவரை தாழ்த்தி, வாயால் மெதுவாக அதன்மேல் சூடான காற்றை ஊதினாள். நிறுத்தினாள். மறுபடி ஊதினாள். நெற்றி வியர்வை துணியில் சொட்டிவிடாமல் ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஊதினாள்.

ஒரு கால் அசைந்தது. பிறகு இன்னொன்று. வண்டு புரண்டு நிமிர்ந்து, மூக்கைத் துடைப்பது போல முன்னங்காலைத் தேய்த்துக்கொண்டு, துணியின் விளிம்புக்கு நடந்து, சருகுக்கடியில் போய்விட்டது.

நயினார் கொஞ்ச நேரம் அந்தச் சருகையே பார்த்தார். "அதுக்குப் பேரு வெக்க வேற வழி இல்லீங்களா?" என்று எஸ்தரிடம் கேட்டார்.

"இல்லீங்கய்யா."

அவர் தலையை ஆட்டினார். அனுமதி கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தத்தை மறைக்கவும் இல்லை. எழுந்து, துணியை உதறி மடித்து அவளிடம் கொடுத்தார்.

அன்று மாலை கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஆரணிக்குத் திரும்பினோம். பத்மாவதி அம்மாள் வழிக்கு மாங்காய் பச்சடி கட்டிக் கொடுத்திருந்தார். களம்பூரில் இப்போது லாரி எதுவும் இல்லை. எஸ்தர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பேரில்லாத ஒண்ணு இங்க இருக்குதுன்னு படத்தோட எழுதிடறேன்கா. நம்பாதவங்க வந்து பாத்துக்கட்டும்" என்றாள்.

"திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும்." முகத்தைத் திருப்பாமலேயே மேலும் சொன்னாள். "அக்கா, அது எழுந்திருக்காம கெடந்துதில்ல, அப்ப ஒரு நிமிஷம், இப்படியே கெடந்துடக்கூடாதான்னு நெனச்சுட்டேன். அதான் பயந்துபோயி ஊதினேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டு எழுந்து நடக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொன்னேன்.